தேவாங்கு மென்பொருள் கேட்ட கதை

ஒரு காட்டில் ஒரே ஒரு குளம் இருந்தது. காடு என்றதும் மரம், செடி, கொடி என்று கற்பனையை ஓடவிடாதீர்கள். அவையெல்லாம் இருந்தன. கூடவே கானக நீர்நிலைத் துறை என்று ஓர் அலுவலகமும் இருந்தது. அலுவலகம் வந்துவிட்ட காட்டில் தாகம் எடுத்தாலும் வரிசையில்தான் எடுக்க வேண்டும்.

கதைக்குள் போவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதில் பதவி உள்ளவரையும் பெரிய பல் உள்ளவரையும் நான் 'அவர்' என்பேன். மற்றவர்களை 'அது' என்பேன். தப்பாக நினைக்காதீர்கள், நானும் இந்தக் காட்டில் தொடர்ந்து வாழ வேண்டியவன்.

துறையின் இயக்குநர் மகாலிங்கம் என்ற யானை. பதவிக்கு வந்த கையோடு குளத்தின் கிழக்குக் கரையில் ஒரு சாய்தளம் கட்டினார். 'நீர் அருந்தும் இடம்' என்று பலகை நட்டார். பக்கத்திலேயே இன்னொரு பலகை: 'வேறு இடத்தில் நீர் அருந்துவோர் தண்டிக்கப்படுவர்.' மேற்குக் கரையில் கூழாங்கல்லும் கணுக்காலளவு தண்ணீரும்தான். பலகை நட்டுத் திறப்பு விழா நடத்தும்படியாக அங்கே எதுவும் இல்லை.

சாய்தளம் போய் முடிகிற இடத்தில் தண்ணீர் நல்ல ஆழம். அந்த ஆழத்தில், போன வருட வெள்ளத்தோடு வந்த மோகனரங்கம் என்ற முதலை குடியிருந்தார். சாய்தளம் கட்டி முடித்த அன்று அவர் கண்ணில் நீர் வந்ததாகச் சொல்வார்கள். இவ்வளவு நாள் இரையைத் தேடி அலைந்தவருக்கு, அரசுச் செலவில் இரை இறங்கி வருவதற்குப் பாதையே கட்டிக் கொடுத்துவிட்டார்களே.

இரண்டு மாதத்தில் பதினொரு பேர் தண்ணீர் குடிக்கப் போய்த் திரும்பவில்லை. மான்கள் மனு கொடுத்தன. புகார் வந்தால் நடவடிக்கை எடுப்பது அந்தக் காலம். இந்தக் காலத்தில் ஆய்வு எடுப்பார்கள். ஆய்வுக்குத் தில்லைநாயகம் என்ற தேவாங்கை நியமித்தார்கள். ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்குப் போக அரை நாள் எடுத்துக்கொள்ளும் பிராணி அது. அலுவலக நேரம் பகல் என்பதால் எப்போதும் தூக்கக் கலக்கம் வேறு. இது முடிப்பதற்குள் மழை வந்துவிடும், விஷயமும் அடங்கிவிடும் என்று மகாலிங்கம் நினைத்தார். ஆள் தேர்வில் அவர் கெட்டிக்காரர்தான். ஆனால் மெதுவாகப் போகிறவன் ஒன்றையும் விடாமல் பார்த்துக்கொண்டே போவான் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

தேவாங்கு காட்டைச் சுற்றிப் பேட்டி எடுத்தது. சொன்னதைச் சொன்னபடியே தேக்கிலையில் எழுதியது. அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. தன்னைத் தின்னக்கூடியவரின் பெயரை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் வந்து நிற்பார் என்று பயம். 'அவரு' என்பார்கள், 'உள்ள இருக்கறவரு' என்பார்கள், இல்லையென்றால் தொண்டையைக் கனைத்துவிட்டுக் குளத்துப் பக்கம் தாடையைக் காட்டுவார்கள். கனைத்ததையும் தாடை காட்டியதையும்கூடத் தேவாங்கு எழுதிக்கொண்டது.

இன்னொன்றும் அதற்கு அனுபவத்தில் தெரியும். பேட்டி முடிந்தது என்று இலைகளைக் கட்டிக்கொண்டு எழுந்த பிறகுதான் உண்மையான பேட்டி தொடங்கும். ஒரு முள்ளம்பன்றி அப்படித்தான் வழியனுப்ப வந்து காதோடு சொன்னது:

"இதை எழுதிடாதீங்க சார். நான் அந்தச் சாய்தளத்துப் பக்கமே போறதில்ல. வரிசையில நின்னா முன்னாடி நிக்கறவரு மேல முள்ளு குத்துது, சண்டைக்கு வர்றாங்க. அதனால மேற்கால போயி, கல்லு மேல நின்னு குடிச்சிட்டு வந்துடுவேன். வெளிய தெரிஞ்சா அபராதம் போட்ருவாங்க."

தேவாங்கு அதை இலையின் ஓரத்தில், பெயர் போடாமல், பொடி எழுத்தில் எழுதிக்கொண்டது.

ஒன்பதாவது பேட்டி வள்ளிக்கொடி என்ற புள்ளிமானுடையது. ஒரு மாதக் குட்டி அதன் காலுக்கடியில் நின்றுகொண்டிருந்தது.

"அக்காவும் நானும் சேர்ந்துதான் போனோம் அண்ணே. குட்டி பால் குடிக்கணும்னு அடம் பிடிச்சுது, நான் நின்னுட்டேன். அக்கா முன்னாடி எறங்கிட்டா. நான் போய்ப் பாக்கறப்ப தண்ணி மட்டும் ஆடிக்கிட்டு இருந்துச்சு."

தேவாங்கு அதையும் சொன்னபடியே எழுதியது.

"ரெண்டு மலை தாண்டிப் பாறையில ஒரு சுனை இருக்கு. அதுலதான் இப்போதைக்குக் குடிக்கறேன். இன்னும் பத்து நாள் ஊறும். அதுக்கப்புறம் இதைக் கூட்டிக்கிட்டு நான் எங்க போய்த் தண்ணி குடிக்கறது? எனக்கு ஆய்வு அறிக்கையெல்லாம் வேணாம். அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

"சொல்றேன் தங்கச்சி. பத்து நாளைக்குள்ள சொல்றேன்" என்றது தேவாங்கு. பிறந்ததிலிருந்து எதையும் பத்து நாளைக்குள் முடித்திராத பிராணி அது.

பதினேழு பேட்டி முடிந்தது. கடைசி ஐந்து பேட்டியில் புதிதாக எதுவும் வரவில்லை. முதல் பன்னிரண்டு பேர் சொன்னதையே அவர்களும் சொன்னார்கள். இனி கேட்பதற்கு ஒன்றுமில்லை, படிப்பதுதான் பாக்கி என்று தேவாங்கு அலுவலகத்துக்கு வந்தது. அங்கே இயக்குநர் எதிரில் நவநீதன் என்ற நரி உட்கார்ந்திருந்தது. அதன் மடியில் ஒரு மடிக்கணினி. மடிக்கணினியில் 'கருத்துச்சாறு' என்ற மென்பொருள். பேட்டிகளை உள்ளே போட்டால் சாரத்தைப் பிழிந்து கொடுத்துவிடும் என்று நரி ஏழு காடுகளில் விற்றுவிட்டு வந்திருந்தது.

"பதினேழு பேட்டியையும் கையாலயா படிக்கப் போறீங்க? இந்தக் காலத்துலயா?" என்று நரி தேவாங்கைப் பரிதாபமாகப் பார்த்தது.

"ஐம்பத்தோரு இலைதான் சார். ரெண்டு நாள்ல படிச்சிடலாம்."

"நீங்க படிச்சா உங்க கருத்து உள்ள பூந்துடும். மிஷின் படிச்சா யாரோட கருத்தும் வராது."

"யாரோட கருத்தும் வராதுன்னா நல்லதுதானேய்யா" என்றார் மகாலிங்கம்.

"மென்பொருள் வேண்டாம்னு சொல்லல சார்" என்றது தேவாங்கு. "ஐநூறு பேட்டி இருந்து, நாலு பேரு சேர்ந்து படிக்கணும், யார் எதை எங்க சொன்னாங்கன்னு தேடணும்னா அது ரொம்ப உதவி. ஆனா அது அடுக்கி வெக்கற அலமாரி சார். அலமாரி படிக்காது. இங்க இருக்கறது ஒரு கை இலை. இதுக்கு அலமாரி எதுக்கு?"

மகாலிங்கம் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். பேட்டிகள் இருபதுக்குக் குறைவாக இருந்தால் ஆய்வாளர் கையால் படிக்கலாம், இருபதோ அதற்கு மேலோ இருந்தால் மென்பொருள் கட்டாயம் என்று அதில் போட்டிருந்தது. யார் போட்டார்கள், ஏன் இருபது என்றெல்லாம் கேட்காதீர்கள். அந்தப் பக்கத்தில் ஒரு நரிக்கால் தடம் இருந்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

"அப்ப மூணுதான் குறையுது" என்றது நரி. "குளத்தைப் பத்தி ஆய்வு பண்றோம், குளத்துலயே குடியிருக்கறவரை ஒரு வார்த்தை கேட்க வேணாமா? அவரு பதினெட்டு. சாய்தளம் கட்டினது நீங்க சார், நீங்க பத்தொன்பது. எனக்கும் குளத்தைப் பத்திச் சொல்ல ரெண்டு விஷயம் இருக்கு."

ஆக இருபது சரியாகிவிட்டது.

மோகனரங்கம் தன் பேட்டியைக் குரல்பதிவாக அனுப்பிவைத்தார். மூன்றே முக்கால் மணி நேரம். நல்ல கனிந்த குரல். "இந்தக் குளத்துக்கு வரக்கூடிய ஒவ்வொரு விருந்தினரையும் நான் நேரில் சென்று வரவேற்பதைக் கடமையாகக் கருதுகிறேன்" என்று ஆரம்பித்தார். வரவேற்பு, குளிர்ச்சி, விருந்தினர், அரவணைப்பு என்று சொற்கள் வழுக்கிக்கொண்டு வந்தன. ஒரு பொய்கூடக் கிடையாது. அவர் வரவேற்காமல் யாரையும் விட்டதில்லை.

தட்டச்சு செய்தபோது மற்றப் பத்தொன்பது பேரின் பேட்டியும் சேர்ந்து நாற்பது பக்கம் வந்தது. மோகனரங்கத்துக்கு மட்டும் எழுபத்திரண்டு பக்கம்.

எல்லாவற்றையும் உள்ளே ஏற்றி நரி ஒரு பொத்தானை அழுத்தியது. திரையில் ஒரு சக்கரம் சுற்றியது. மகாலிங்கம் பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரை முழுக்கச் சொற்கள் மேகமாக எழுந்தன. அதிகம் சொல்லப்பட்ட சொல் பெரிதாக வருமாம். நடுவில் 'வரவேற்பு' மகாலிங்கத்தின் அளவுக்கு நின்றது. பக்கத்தில் 'விருந்தினர்', 'குளிர்ச்சி'. இயக்குநர் பங்குக்கு 'சாய்தளம்'. மூலையில், கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தெரிகிற அளவில், 'அக்கா'.

"காணாமப் போனதுக்கு முதலைதான் காரணம்னு ஒரு பேச்சு இருக்கே" என்று மகாலிங்கம் இழுத்தார்.

நரி 'முதலை' என்று அடித்துத் தேடியது. பூஜ்யம்.

"இருபது பேர்ல ஒருத்தர்கூடச் சொல்லல சார். குளத்துல முதலையே இல்ல."

"சார், பேரைச் சொல்ல மாட்டாங்க சார், பயப்படுவாங்க" என்று தேவாங்கு பதறியது. "ஓரத்துல நான் எழுதினதைப் பாருங்க..."

"ஓரமா? அதை வெட்டிட்டுத்தானே ஏத்தினோம்" என்றது நரி. "ஓரத்துல கிறுக்கல் இருந்தா மிஷின் ஒத்துக்காது."

அறிக்கை வெளிவந்தது. வழவழவென்று, படங்களோடு. 'குளத்தில் வரவேற்பு மிகச் சிறப்பாக இருப்பதாகத் தரவுகள் காட்டுகின்றன. திரும்பி வராதவர்கள் அந்த வரவேற்பில் நெகிழ்ந்து அங்கேயே தங்கிவிட்டிருக்கக்கூடும். அனைவரும் சாய்தளத்தைத் தவறாமல் பயன்படுத்துமாறு பரிந்துரைக்கப்படுகிறது.' பதினொரு குடும்பங்களுக்கும் ஆளுக்கொரு பிரதி அனுப்பினார்கள். படிக்கும்போதே எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் அட்டை நன்றாக இருந்தது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

தேவாங்கு தன் ஐம்பத்தோரு இலைகளையும், நரி வெட்டிக் குப்பையில் போட்ட ஓரங்களையும் பொறுக்கிக்கொண்டு ஒரு பாறைக்குப் போனது. மதிய உணவு இடைவேளைகளில், சாப்பிடாமல், ஒவ்வொரு ஓரத்தையும் அதனதன் இலையோடு பொருத்தி வைத்துப் படித்தது. கிழக்கே இறங்கியதாக வருகிற இடத்தில் ஒரு குன்றிமணி, மேற்கே குடித்ததாக வருகிற இடத்தில் ஒரு புளியங்கொட்டை. நான்கு நாள் ஆயிற்று. ரெண்டு நாள் என்றது பாவம், தன்னைப் பற்றிய அதிகப்படியான நம்பிக்கையில்.

நான்காம் நாள் பாறையைப் பார்த்தால் ஒரு பாலர் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரியும். திரும்பாத பதினொரு பேருக்கும் குன்றிமணிதான் இருந்தது. முள்ளம்பன்றி, வரிசையென்றால் பிடிக்காத கீரி, பலகை படிக்கத் தெரியாத உடும்பு, எதற்கும் அடங்காத ஒரு காட்டுப்பூனை, இன்னும் இருவர் என்று சட்டத்தை மீறிய ஆறு பேர் புளியங்கொட்டையோடு உயிருடன் இருந்தார்கள். ஆளுக்கொருவர் தான் மட்டும்தான் திருட்டுத்தனமாகக் குடிப்பதாக நினைத்துக்கொண்டிருந்ததால், ஒருவர் சொல்லி ஒருவருக்குத் தெரியவில்லை.

வள்ளிக்கொடி கையில் அறிக்கையோடு வந்தது. குட்டி நாக்கு வறண்டு, நடக்க முடியாமல் நின்று நின்று வந்தது.

"சுனை நேத்தே வத்திடுச்சு அண்ணே. இதுல நூத்திப் பத்து பக்கம் இருக்கு. எங்க தண்ணி குடிக்கணும்னு எந்தப் பக்கத்துல போட்ருக்கு?"

ஒப்புதல் இல்லாமல் முடிவுகளை வெளியே சொன்னால் வேலை போகும். தேவாங்கு ஒரு நிமிடம் யோசித்தது. அதன் வாழ்நாளிலேயே மிக வேகமான யோசனை அதுதான்.

"மேற்கால போ தங்கச்சி. கூழாங்கல்லு இருக்கற பக்கம். கணுக்கால் தண்ணியில அவரால ஒளிய முடியாது."

வள்ளிக்கொடி போயிற்று. குட்டி கல்லில் தடுக்கித் தடுக்கி இறங்கி வாயை வைத்தபோது, தூரத்தில் சாய்தளத்துப் பக்கம் இரண்டு கண்கள் மேலே வந்தன. அவை மெல்ல நகர்ந்து இந்தப் பக்கம் வந்தன. கண்ணைத் தொடர்ந்து மூக்கு தெரிந்தது, முதுகு தெரிந்தது, கடைசியில் மோகனரங்கம் முழுதாக வெளியே தெரிந்தார். அவர் வயிறு கூழாங்கல்லில் கரகரவென்று உரசியது. அதற்கு மேல் வந்தால் மரியாதையாக இருக்காது என்று நின்றுகொண்டார். வள்ளிக்கொடி குட்டியைத் தள்ளிக்கொண்டு பத்தடி பின்னால் போய் நின்றது. அவர் அலுத்துத் திரும்பிப் போனதும் குட்டி மறுபடி இறங்கியது. வயிறு புடைக்கும்வரை குடித்தது. வள்ளிக்கொடி அக்காவை நினைத்து அங்கேயே நின்று அழுதது.

அப்புறம் என்ன, ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்குப் போய் நான்கே நாளில் காடு முழுக்க மேற்கே குடித்தது. ஒரு வாரமாக யாரும் காணாமல் போகவில்லை. ஒரு மாதமாகவும் போகவில்லை. மென்பொருள் வந்த பிறகு நிலைமை சீரடைந்துவிட்டது என்று துறை அறிவித்து, நரிக்குப் பொன்னாடை போர்த்தியது. தேவாங்குக்கு, நான்கு நாள் மதிய இடைவேளை முடிந்து தாமதமாக வந்ததற்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது.

கதை இங்கேயே முடிந்திருந்தால் 'கையால் படிப்பதே மேல்' என்று ஒரு நல்ல நீதியைச் சொல்லிவிட்டு நான் சாப்பிடப் போயிருப்பேன். ஆனால் மோகனரங்கத்துக்குப் பசித்தது.

அவர் மனு எழுதினார். 'பொதுமக்கள் வசதிக்காகக் கட்டப்பட்ட சாய்தளம் பயன்பாடின்றிக் கிடப்பது வேதனை அளிக்கிறது.' சாய்தளம் என்றதும் மகாலிங்கத்துக்குச் சுருக்கென்றது. தன் பெயர் பொறித்த கல்வெட்டு பாசி பிடிப்பதை எந்த இயக்குநர் பொறுப்பார்? 'சாய்தளத்துக்கு ஏன் யாரும் வருவதில்லை?' என்று அடுத்த ஆய்வுக்கு உத்தரவு போட்டு, தேவாங்கைத் தனியே கூப்பிட்டார்.

"தில்லைநாயகம், இந்தத் தடவை மிஷினெல்லாம் வேணாம். நீயே உக்காந்து கையால படி."

"சார்?"

"நீ படிச்சா உண்மை வந்துடும்னு எனக்குத் தெரியும்யா. போன தடவை அது வந்துடக் கூடாதுன்னுதான் மிஷினு. இந்தத் தடவை எனக்கு உண்மை வேணும். வேற எங்கயோ குடிக்கறாங்க. எங்கன்னு கண்டுபிடி, அங்க முள்வேலி போட்டுடறேன்."

தேவாங்கு கணக்குப் போட்டுப் பார்த்தது. வேலியைப் போட்டால் வள்ளிக்கொடியும் குட்டியும் மறுபடி சாய்தளத்தில்தான் இறங்க வேண்டும். ஆய்வே செய்யாமல் விட்டால் துறை வேறு யாரையாவது அனுப்பும். அவர்கள் முதல் ஆளிடம் கேட்டாலே தெரிந்துவிடும். காட்டுக்கே இப்போது அது பெருமையான விஷயம்.

தேவாங்கு தொண்டையைச் செருமிக்கொண்டது.

"சார், விதிப்படி போறதுதான் நமக்குப் பாதுகாப்பு. ஒரு முப்பது நாப்பது பேட்டியாவது எடுத்தாத்தான் மரியாதை. இருபதைத் தாண்டினா மென்பொருள் கட்டாயம் சார். தணிக்கையில கேப்பாங்க."

தணிக்கை என்ற சொல்லைக் கேட்டால் யானை உட்கார்ந்துவிடும். மகாலிங்கமும் உட்கார்ந்துவிட்டார்.

தேவாங்கு நாற்பது பேட்டி எடுத்தது. கேட்டவர்கள் எல்லோரும் வாய் நிறையச் சொன்னார்கள்: "மேற்கால குடிக்கறோம் சார், நீங்க சொன்ன இடந்தான், நல்லா இருக்கோம்." தேவாங்கு எதையும் மறைக்கவில்லை, திரிக்கவில்லை. சொன்னதைச் சொன்னபடியே எழுதியது. மேற்குக் கரை பற்றிய பேச்சை மட்டும் இலையின் ஓரத்தில், பொடி எழுத்தில் எழுதியது.

நாற்பத்தோராவதாகக் குப்பம்மாள் என்ற காட்டெருமையிடம் போனது. பேச ஆரம்பித்தால் நிறுத்தாத ஆள்.

"என்னக்கா, இந்த வருசம் வெயில் எப்படி?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஒலிப்பதிவை அழுத்தி வைத்துவிட்டுத் தூங்கப் போயிற்று. நான்கரை மணி நேரம் கழித்து எழுந்து வந்தபோதும் குப்பம்மாள் சித்திரை மாதத்திலேயே இருந்தது.

நரி சந்தோஷமாக வந்து, கத்தரியை எடுத்து, எல்லா இலைகளின் ஓரத்தையும் தன் கையாலேயே வெட்டித் தள்ளியது. ஒரு வரிகூடப் படிக்கவில்லை. படிக்கத்தான் மிஷின் இருக்கிறதே. தேவாங்கு ஓரங்களையெல்லாம் பொறுக்கி, வாயில் போட்டு, நிதானமாக மென்று விழுங்கியது.

பொத்தானை அழுத்தினார்கள். மேகம் எழுந்தது. நடுவில், யானை அளவுக்கு, 'வெயில்'.

"அதானே பார்த்தேன்!" என்றார் மகாலிங்கம். மறுவாரமே சாய்தளத்துக்கு மேலே தகரக் கூரை போட்டு, அதற்கும் ஒரு திறப்பு விழா நடத்தினார். கூரை நல்ல கூரை. இன்றைக்கும் அந்தப் பக்கம் போனால் பார்க்கலாம், அதன் நிழலில் மோகனரங்கம் ஒட்டிய வயிறோடு படுத்து யாராவது வருவார்களா என்று வழியையே பார்த்துக்கொண்டிருப்பார். எதிர்க்கரையில் வள்ளிக்கொடியின் குட்டி, இப்போது கொம்பு முளைத்துவிட்டது, தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்.

நீதி: உயிரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் பேட்டிகளைக் கையால் படி. காப்பாற்றியது மேலிடத்துக்குத் தெரியக் கூடாதென்றால், உடனே மென்பொருள் கேட்டு விண்ணப்பி.